இரண்டு வண்டியையும் ஏத்துங்க

“ரெண்டு வண்டியையும் லிஃப்ட்ல ஏத்துங்க பெரியப்பா. அடியில பார்க்கணும்.”

கேட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் வாய் திறந்து கேட்கக் கூடாத ஒன்றை, பெரியப்பாவின் யார்டுக்குள்ளேயே நின்று, அவர் டீ கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோன நேரமாகப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

கிளாஸ் பாதி வழியில் நின்றது.

“என்ன சொல்லுச்சு இது?” என்று பெரியப்பா தன் மகனைப் பார்த்தார். நான் எதிரே நிற்க, என்னைப் பற்றி அவனிடம் விசாரணை.

“லிஃப்ட்ல ஏத்தணுமாம்ப்பா. இன்ஜினீயரம்மா உத்தரவு.”

முப்பது வருடமாகப் பழைய கார் விற்கிறார் பெரியப்பா. வாங்க வருகிறவர்கள் அடிப்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டால், நெஞ்சில் கை வைத்து, “என் வாக்குதான் லிஃப்ட்டு” என்பார். அதற்கே பலர் கூச்சப்பட்டு வாங்கிப் போய்விடுவார்கள். வெளியாட்களுக்கு அது விற்பனைப் பேச்சு. எங்களுக்கு அது சட்டம். வீட்டு ஆள் லிஃப்டைக் கேட்டால், பெரியப்பாவை முகத்துக்கு நேரே பொய்யர் என்று சொன்னதாக அர்த்தம்.

காலையில் நான் கிளம்பும்போது அப்பா கதவுவரை வந்தார். “வண்டியைப் பாரு, ஓட்டிப் பாரு, பானெட்டைத் திறந்து வெச்சு எவ்வளவு நேரம் வேணும்னாலும் நோண்டு. தூக்கிக் காட்டச் சொல்லி மட்டும் கேட்டுடாதம்மா. அப்புறம் அண்ணன் என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவே மாட்டாரு.”

எட்டு மாதமாக அந்தக் கூப்பிடுதலுக்காகத்தான் அப்பா காத்திருக்கிறார். போனில் சார்ஜ் பாதியானால் பதறுகிறார்.

விஷயம் இதுதான். இந்த யார்டின் தலைமை மெக்கானிக் என் அப்பா. இருபத்திரண்டு வருடம். பட்டறைக்குள் அவர், வாசலில் பெரியப்பா. ஒருவர் வண்டியைச் சரிசெய்வார், ஒருவர் வாக்குக் கொடுப்பார். எட்டு மாதம் முன்னால், எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக நான் பட்டம் வாங்கிய நாளில், அப்பா லீவு போட்டுவிட்டு என் கல்லூரி அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதே நேரம், முந்தின நாள் அவர் பிரேக் மாட்டிய கார் டெஸ்ட் டிரைவில் சுவரில் மோதியது. வாங்க வந்து ஓட்டிப் பார்த்த ஒரு போட்டோகிராபருக்கு இரண்டு இடத்தில் கால் எலும்பு முறிந்தது. இடது பிரேக்கின் போல்ட்டுகள் வழியில் கழன்று விழுந்துவிட்டன, தேடியும் கிடைக்கவில்லை என்றார்கள்.

“பொண்ணு பட்டம் வாங்குற குஷியில முறுக்காம விட்டுட்டியேடா” என்றார் பெரியப்பா. தவறு தன்னுடையதுதான் என்று எழுதிய ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்.

என் பட்டம்தான் குற்றவாளி. புரிகிறதா?

அப்பா இப்போது ஒரு மரச்சாமான் கிடங்கில் கேட்டைத் திறந்து மூடுகிறார். வீட்டில் குழாயை மூடிவிட்டு நாலு தடவை திரும்பி வந்து பார்க்கிறார். போன வாரம் நாற்காலிக் காலில் ஒரு திருகாணி. முறுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டு, “சரியா இருக்கான்னு கொஞ்சம் பாரும்மா” என்றார். யார்டே கண்ணை மூடிக்கொண்டு நம்பிய கை அது.

நான் இப்போது பழைய வண்டிகளைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயிற்று அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா ஒருவர், “ஒரே மாடல் கார், பழைய தலைமுறை ஒண்ணு, புதுத் தலைமுறை ஒண்ணு. எதை வாங்கறதுன்னு நீ சொல்லு” என்று முகவரியை நீட்டியபோது, அது பெரியப்பாவின் யார்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

வஞ்சம் தீர்க்கப் போகிறவள் சிரித்த முகத்தோடுதான் போக வேண்டும்.

*

இரண்டும் கறுப்பு. இரண்டும் வேகத்துக்கென்று செய்த செடான். யார்டில் பழையதற்குப் பெருசு, புதியதற்குச் சிறுசு என்று பெயர். சுவரில் மோதிய வண்டி பெருசுதான். முகப்பை மாற்றிப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள்.

டாக்டரம்மா இரண்டையும் ஓட்டியபோது நான் பக்கத்துச் சீட்டில் இருந்தேன்.

சிறுசு டர்போ போட்டது. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். மிதித்தால் முதுகைச் சீட்டோடு ஒட்டவைக்கும். ஆனால் ஸ்டியரிங் வழியாக ஒரு செய்தியும் வராது. ரோடு எங்கேயோ, நாம் எங்கேயோ. இறங்கிய டாக்டரம்மா, “நல்லா இருக்கு” என்றார், தேறிவிட்ட நோயாளியிடம் சொல்லும் குரலில்.

பெருசுக்கு டர்போ கிடையாது. ஆறு சிலிண்டர், கையால் மாற்றும் கியர், கனமான ஸ்டியரிங். வேகம் கேட்டால் கொடுக்கும், ஆனால் நாமும் கொஞ்சம் உழைக்க வேண்டும். இன்ஜின் சத்தம் மேலே ஏற ஏற டாக்டரம்மாவின் பேச்சு நின்றது. திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டி நேரே போய்க்கொண்டிருந்தார்.

“மேடம், லெஃப்ட்ல திரும்பணும்.”

“தெரியும்மா” என்றார். திரும்பவில்லை.

“அம்பது வயசு வரைக்கும் மத்தவங்களுக்குப் பொருத்தமான வண்டியையே ஓட்டிட்டேன்” என்று அடுத்த தெருவில் சொன்னார். “இது எனக்கு. ஆனா ஏமாந்து வாங்கக் கூடாது.”

அந்த இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தது என் அப்பா என்று நான் சொல்லவில்லை. சொன்னால் தரகு வேலை ஆகிவிடும்.

*

“வீட்டுப் பொண்ணு இப்படிக் கேக்கலாமா?” பெரியப்பா டீயை வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் திரும்பினார். “மேடம், என் வாக்குதான்...”

“ஏத்துங்களேன் சார். நான் ஸ்கேன் பார்க்காம யார் வயித்தையும் திறக்கறதில்ல” என்றார் அவர்.

அத்தோடு முடிந்தது. முப்பது வருட வாக்கு, ஒரு வாக்கியத்தில்.

டாக்டரம்மாவின் போன் அடித்தது. ஏதோ அவசரக் கேஸ். “ரிப்போர்ட்டை போன்லயே அனுப்பிடும்மா. தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி பார்த்து முடிவு சொல்லிடறேன்.” போய்விட்டார்.

வெளியாள் இல்லை என்றதும் பெரியப்பாவின் முகம் மாறியது. “ஏத்துடா” என்று மகனிடம் சொன்னார். “பார்க்கட்டும். ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் இது மூஞ்சி எப்படி இருக்குன்னு நானும் பார்க்கறேன்.”

பெரியப்பா மகனை யார்டில் டர்போ என்பார்கள். மிதித்தவுடன் சத்தம் வரும், மற்றது கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும். சிறுசை லிஃப்டில் ஏற்றியபடியே, “நல்லா பாரும்மா. உங்கப்பன் கழட்டி விட்ட போல்ட்டு ஏதாவது இருந்தாலும் இருக்கும்” என்றான்.

அவன் வாயில் அவனே வைத்துக்கொண்ட கொள்ளி அது. அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

டார்ச்சோடு அடியில் போனேன். உண்மையைச் சொல்கிறேன், நான் நியாயம் பார்க்கப் போகவில்லை. சிறுசைப் பெரியப்பா தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார், அது விற்றால்தான் யார்டு மூச்சு விடும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வண்டியை வெட்டி ஒட்டிய தடம், வெள்ளத்தில் நின்ற சேறு, ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

ஒன்றும் இல்லை. வெல்டிங் எல்லாம் கம்பெனி வெல்டிங். துரு இல்லை. ஆயில் கசிவு இல்லை. பெயின்ட்டின் கனத்தை அளக்கும் மீட்டரை எங்கே வைத்தாலும் ஒரே கணக்கு.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த யார்டில் நின்றுகொண்டு இத்தனை யோக்கியமாக இருக்க இந்த வண்டிக்கு என்ன தைரியம்?

“என்ன, கிடைச்சுதா?” என்றான் டர்போ.

“இரு.”

முன் சக்கரங்களைக் கழற்றச் சொன்னேன். முனகிக்கொண்டே கழற்றினான். இடது பக்கம், சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், அதைத் தாங்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள். டார்ச்சை அருகில் கொண்டுபோனேன்.

போல்ட்டின் தலையில் ஊதா நிறத்தில் பாதிக் கோடு.

விரலால் தொட்டுப் பார்த்தேன். அது பெயின்ட் இல்லை.

நல்ல மெக்கானிக் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும், போல்ட்டிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுத்துவிடுவார். பின்னால் யாராவது தொட்டால் கோடு ஒட்டாமல் விலகி நிற்கும், காட்டிக்கொடுக்கும். எல்லாப் பட்டறையிலும் மஞ்சள் பெயின்ட்தான். என் அப்பா மட்டும் நகப்பூச்சு போடுவார். நான் கல்லூரி சேர்ந்த புதிதில் வாங்கி, ஒரு நாள் பூசி, கண்ணாடியில் பார்த்துச் சகிக்காமல் தூக்கிப் போட்ட ஊதா. “மஞ்சள் யாரு வேணும்னாலும் போடலாம். இந்தக் கண்றாவி நிறம் போட்டா என் கைன்னு எனக்குத் தெரியும்” என்று அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

சிறுசுக்கு அப்பா பிரேக் வேலையே பார்த்ததில்லை. போல்ட்டின் தலையில் பாதிக் கோடு இருந்தது. பக்கத்து இரும்பில் மீதிக் கோடு இல்லை.

வலது பக்கமும் அப்படியே. நாலு போல்ட், நாலு பாதிக் கோடு.

“பெருசை ஏத்து” என்றேன்.

“போதும்மா. மத்தியானம் ஆகுது” என்றார் பெரியப்பா.

“ஏத்துங்கன்னேன்.”

ஏற்றினான். சக்கரத்தைக் கழற்றினான். இங்கே இரும்பில் பாதி ஊதாக் கோடு இருந்தது. போல்ட்டில் இல்லை. இடது பக்கத்தில் நேற்றுக் கடையில் வாங்கினது போன்ற பளபளப்பான போல்ட்டுகள், வலது பக்கத்தில் துருப்பிடித்தவை. காலிப்பரும் அப்பா மாட்டியது இல்லை. ஆறு மாதம் தேடிப் பெருசுக்காக அவர் கொண்டுவந்த பெரிய காலிப்பர்கள் சிறுசில் இருந்தன. முன் பிரேக் மாட்டும் இடத்தை மட்டும் கம்பெனி இரண்டு தலைமுறைக்கும் ஒரே அளவில் வைத்திருந்தது. அது இவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

வழியில் கழன்று விழுந்ததாகவும் தேடியும் கிடைக்கவில்லை என்றும் சொன்ன அப்பாவின் போல்ட்டுகள் எட்டு மாதமாகப் பக்கத்து வண்டியில் பத்திரமாக இருந்திருக்கின்றன.

நான் போட்டோ எடுத்தேன். பிறகு லிஃப்டுக்கு அடியிலேயே நின்று போனில் ஐந்து நிமிடம் எழுதினேன். அவர்கள் இருவரும் வெளியே கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

*

வெளியே வந்ததும் டர்போவிடம் கேட்டேன். “அண்ணே, சிறுசுல இருக்கிற போல்ட்டு எங்கேருந்து வந்துச்சு?”

“போல்ட்டுன்னா போல்ட்டுதான். கடையில கிலோ கணக்குல விக்கறான்.”

“நகப்பூச்சு போட்டா விக்கறான்?”

மிதித்தேன். சத்தம் வரவில்லை. முகத்தில் மட்டும் மெல்லச் சிவப்பு ஏறியது.

“அது... ஏதோ பெயின்ட்டு சிந்தினதுன்னு நினைச்சேன்” என்றான்.

“வாயை மூடுடா” என்றார் பெரியப்பா. மூடவில்லை. டர்போ ஓட ஆரம்பித்தால் நிற்காது.

“அன்னைக்குச் சிறுசைப் பார்க்க ஒரு பார்ட்டி வர்றதா இருந்துச்சு. பிரேக் பிடிச்சா வண்டி உதறுது. சித்தப்பா வேற இல்ல. பெருசுல இருந்ததை எடுத்து இதுல போட்டேன், இதுல இருந்ததை அதுல போட்டேன். இதுல நல்லா முறுக்கிட்டேன். அதுல கையால திருகி வெச்சுட்டு, சாப்பிட்டு வந்து முறுக்கலாம்னு போனேன். அதுக்குள்ள அந்தப் போட்டோக்காரர் வந்து...”

சாப்பிட்டு வந்து முறுக்கலாம்.

என் அப்பாவின் இருபத்திரண்டு வருடம் இவனுடைய சாப்பாட்டு இடைவேளைக்குள் போய்விட்டது.

“உங்களுக்கு எப்ப தெரியும் பெரியப்பா?”

அவர் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினார். நாற்காலியைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். பிறந்ததிலிருந்து எனக்கு அந்த யார்டில் யாரும் நாற்காலி போட்டதில்லை.

“உக்காரும்மா.”

“எப்ப தெரியும்?”

“அன்னைக்குச் சாயங்காலமே.” குரல் இறங்கிவிட்டது. “ஒரே பையன்ம்மா. கேஸு கோர்ட்டுன்னு போயிருந்தா அவன் கதை முடிஞ்சிருக்கும். தம்பின்னா தாங்கிக்குவான்னு நினைச்சேன்.”

“தாங்கினாரே. தன் கையைத் தானே நம்பாத அளவுக்குத் தாங்கினாரு. நாற்காலிக்குத் திருகாணி போட்டுட்டு என்னைக் கூப்பிட்டுச் சரி பார்க்கச் சொல்றாரு உங்க தம்பி.”

பெரியப்பா தரையைப் பார்த்தார். உண்மையாகவே வலித்திருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

“சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கே தம்பியை வரச் சொல்லு” என்றார். “பழைய இடம், பழைய வேலை. சிறுசை எடுக்கச் சொல்லி டாக்டருக்கு எழுது. வண்டியில குத்தம் இல்லைன்னு நீயே பார்த்துட்ட. போல்ட்டைப் பத்தி மட்டும் எழுத வேண்டாம்.”

நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

“உங்கப்பன் ஆசைப்படறது இதுக்குத்தானே?”

அப்பா ஆசைப்படுவது அதற்குத்தான். இந்த வார்த்தையை நான் வீட்டில் போய்ச் சொன்னால், எட்டு மாதத்தில் முதல் தடவையாக முகச்சவரம் செய்துகொள்வார். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்க மாட்டார்.

அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. தன் தவறை அண்ணன் மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே சாகிறவரை இங்கே குனிந்து வேலை செய்வார். ஒவ்வொரு போல்ட்டையும் நாலு தடவை பார்ப்பார். டர்போ பக்கத்தில் நின்று, “சித்தப்பா, முறுக்கிட்டீங்களா?” என்று கேட்டுச் சிரிப்பான்.

என் மௌனத்தைப் பெரியப்பா பேரம் என்று எடுத்துக்கொண்டார். “பார்ட்னரா சேர்த்துக்கறேன். வாசல் போர்டுல அவன் பேரும் வரட்டும்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாய்ந்துகூட உட்கார்ந்தேன்.

“அப்புறம்?”

“அப்புறம்னா?”

“டர்போ அண்ணன் என்ன செய்யும்?”

“டேய், சித்தப்பா கால்ல விழுடா நாளைக்கு.”

“விழறேன்ப்பா” என்றான் டர்போ. உடனே வந்தது. தாமதமே இல்லை.

“நீங்க?”

பெரியப்பாவின் தாடை இறுகித் தளர்ந்தது. “நானும் மன்னிப்புக் கேக்கறேன். போதுமா?”

“போதும் பெரியப்பா. இதைக் கேக்கத்தான் உக்காந்தேன்.” எழுந்தேன். “ரிப்போர்ட் அனுப்பியாச்சு.”

“எப்ப?”

“நீங்க கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி. லிஃப்ட்டுக்கு அடியில நின்னே அனுப்பிட்டேன்.”

போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். சிறுசைப் பற்றி ஒரு பொய்கூட எழுதவில்லை. கை துறுதுறுத்தது, எழுதவில்லை. ஒரு பொய் சேர்த்தால் அந்தச் சந்தில் நுழைந்து தப்பிவிடுவார்கள். வண்டி நல்லது, ஆனால் முன் பிரேக் அதனுடையது அல்ல, எந்த வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்குப் போட்டோ இணைப்பு, அந்த ஊதாக் கோடு பெருசுக்கு பிரேக் மாட்டிய என் அப்பாவின் அடையாளம், என்று எழுதினேன். பெருசின் ரப்பர் புஷ்களையும் கூலன்ட் குழாய்களையும் மாற்ற வேண்டும், பாகங்கள் கிடைக்க வாரக் கணக்கில் ஆகும், அதன் சொந்த பிரேக் திரும்பி வரும்வரை ஓட்டவே கூடாது, அதைச் செய்துகொள்ளத் தயார் என்றால் நீங்கள் கேட்ட வண்டி இதுதான், என்றும் எழுதினேன்.

“டாக்டருக்கு மட்டும்தானே அனுப்பின?” என்றார் பெரியப்பா.

“என் ஆபீசுக்கும். அப்புறம் கால் உடைஞ்ச போட்டோகிராபருக்கும். அவரு இன்னும் கம்பு ஊனித்தான் நடக்கறாரு, தெரியுமா? நான் போய்ப் பார்த்தேன். நீங்க போகல.”

டர்போ அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்தான்.

போன் அதிர்ந்தது. டாக்டரம்மா. ‘பழையதுதான். பிரேக் வேலையை உங்கப்பாவே செய்யணும். வருவாரா, கேட்டுச் சொல்லு.’

கேட்கவில்லை. ‘வருவார்’ என்று அனுப்பினேன்.

அப்பா எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த கதவை நான்தான் அடைத்திருக்கிறேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல். வீட்டுக்குப் போனால் திட்டுவார், ஒருவேளை பேசவே மாட்டார். பரவாயில்லை. பேசாமல் இருக்கட்டும். தன் கையில் தவறில்லை என்று தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

“நாளைக்குப் பத்து மணிக்கு அப்பாவோட வருவேன்” என்றேன். “வேலைக்காரரா இல்ல, டாக்டரம்மாவோட மெக்கானிக்கா. அந்தக் காலிப்பரை அவர் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. தொட்டா கோடு காட்டிக்கொடுத்துடும்.”

கதவைத் திறந்தேன். வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது.

“ரொம்ப ஆடாத” என்றார் பெரியப்பா பின்னாலிருந்து. அவருடைய பழைய குரல் திரும்பியிருந்தது. “உங்கப்பன் கையெழுத்துப் போட்ட பேப்பர் இன்னும் என் பீரோவுலதான் இருக்கு. அதுக்குக் கீழ சாட்சிக் கையெழுத்துப் போட்டது உங்கம்மா. என்ன தெரிஞ்சு போட்டான்னு வீட்டுல போய்க் கேட்டுப் பாரு.”

கால் ஒரு கணம் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் ஜெயித்ததாக ஆகிவிடும்.

விற்காத வண்டிகளின் வரிசைக்கு நடுவே நடந்து கேட்டைத் தாண்டினேன்.